புதிதாகப் பூட்டிய கணினியில் வைஃபை வரவில்லையா? அறிகுறியைப் பார்த்து வழியைப் பிடியுங்கள்

பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினி ஆன் ஆகிவிடும், ஃபேன் சுற்றும், விண்டோஸும் ஏறிவிடும். வைஃபை மட்டும் வராது. உடனே கார்டு பழுது, போர்டு பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றுதான்: டிரைவர் (கருவியை விண்டோஸுக்கு அடையாளம் காட்டி இயக்கும் மென்பொருள்) ஏறியிருக்காது, அல்லது ஆன்டெனா மாட்டியிருக்காது. இரண்டையும் சரிசெய்யக் காசு தேவையில்லை. கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் சுலபமான காரணம் முதலிலும் செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் இருக்கின்றன. வரிசையைத் தாண்டாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஓர் ஆண்ட்ராய்டு போன், டேட்டா போகிற யுஎஸ்பி கேபிள், ஒரு பென் டிரைவ், மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி. பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தால் தேடி எடுங்கள். ஆன்டெனா பல நேரம் அதன் அடித்தட்டில், ஸாட்டா கேபிள்களுக்குக் கீழே பிரிக்காமலே கிடக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்: இந்தக் கணினியில் வைஃபை இருக்கிறதா?

சிரிக்க வேண்டாம், இங்கேயே முடிந்துபோகும் கேஸ்கள் நிறைய. ஒரே மாடல் போர்டு வைஃபையோடும் வரும், வைஃபை இல்லாமலும் வரும். பெயரின் கடைசியில் "வைஃபை" என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். பெட்டி மேல் உள்ள பெயரை முழுதாகப் படியுங்கள். பிறகு கேபினெட்டின் பின்பக்கம் பாருங்கள். யுஎஸ்பி போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் மரையோடு கூடிய இரண்டு தங்க நிறக் குழல்கள் துருத்திக்கொண்டிருந்தால் வைஃபை இருக்கிறது. சில புதிய போர்டுகளில் மரை இருக்காது, அழுத்திச் சொருகும் சாக்கெட் இருக்கும். வெறும் துளைகளோ, மூடிய துளைகளோ மட்டும் இருந்தால் போர்டில் கார்டுக்கான இடம் இருக்கலாம், கார்டு இல்லை.

வைஃபை இல்லாத போர்டு என்றால் மூன்று வழி: யுஎஸ்பி டாங்கிள் (யுஎஸ்பி போர்ட்டில் சொருகும் சின்ன வைஃபை கருவி), பிசிஐஇ கார்டு (போர்டின் ஸ்லாட்டில் சொருகுவது), அல்லது போர்டில் எம்.2 ஈ-கீ சாக்கெட் (வைஃபை கார்டுக்கான சின்னச் சொருகுமிடம்) இருந்தால் அதற்கான சின்னக் கார்டு. மேசைக் கணினிக்கு, இடம் இருந்தால், பிசிஐஇ கார்டே நல்ல தேர்வு. டாங்கிள் அவசரத்துக்கு உதவும், ஆனால் அதன் சின்ன ஆன்டெனா தூரத்தைத் தாங்காது.

எம்.2 கார்டு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்டெலின் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் இன்டெல் பிராசஸர் உள்ள, இந்த வகைக் கார்டை ஏற்கும் போர்டுகளில் மட்டுமே வேலை செய்யும். ஏஎம்டி போர்டில் சொருகினால் உட்காரும், திருகும் பொருந்தும், ஆனால் கணினிக்கு அப்படி ஒரு கார்டு இருப்பதே தெரியாது. ஏஎம்டிக்கு ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 வாங்குங்கள். வைஃபை 7 கார்டான பிஇ200-உம் இந்த இரண்டைப் போன்ற வகைதான் என்றாலும் பல ஏஎம்டி போர்டுகளில் தகராறு செய்கிறது. அங்கே அதைத் தவிர்ப்பது நல்லது.

அறிகுறி: விண்டோஸ் 11 நிறுவும்போதே நெட்வொர்க் பக்கத்தில் நின்றுவிட்டது

"நெட்வொர்க்குடன் இணையுங்கள்" என்று கேட்கும், கீழே பட்டியல் காலியாக இருக்கும், "அடுத்து" பட்டன் மங்கிக் கிடக்கும். வைஃபை சிப்புக்கான டிரைவர் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் இல்லை என்பதுதான் இதற்கு அர்த்தம். ரீஸ்டார்ட் செய்வதாலோ மறுபடி நிறுவுவதாலோ பயன் இல்லை.

முதலில், ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுக்க முடிந்தால் சொருகிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் "ஈதர்நெட் இணைந்தது" என்று வந்தால் வேலை முடிந்தது. வரவில்லையென்றால் லேன் சிப்பின் டிரைவரும் இல்லை என்று பொருள். 2.5 கிகாபிட் லேன் உள்ள புதிய போர்டுகளில், பழைய விண்டோஸ் பென் டிரைவ் வைத்து நிறுவினால் இது சகஜம்.

அடுத்தது போன். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து, போனின் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் "யுஎஸ்பி டெதரிங்" ஆன் செய்யுங்கள். கேபிள் சொருகிய பிறகுதான் அந்த ஸ்விட்ச் உயிர்பெறும். சொருகியும் மங்கியே இருந்தால் அது சார்ஜ் மட்டும் செய்கிற கேபிள். வேறு கேபிள் மாற்றுங்கள். விண்டோஸுக்கு இந்த டெதரிங்குக்கான டிரைவர் உள்ளேயே இருப்பதால் நிறுவும் பக்கத்திலேயே இணைப்பு வந்துவிடும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பல போன்கள் அந்த வைஃபையையே கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுக்கும். மொபைல் டேட்டா செலவாகாது. ஐபோனில் இந்த வழி நிறுவும் கட்டத்தில் நடக்காது, அதற்கு ஆப்பிளின் மென்பொருள் விண்டோஸில் முதலில் ஏறியிருக்க வேண்டும்.

போனும் இல்லையென்றால் வேறொரு கணினியில் போர்டு நிறுவனத்தின் தளத்துக்குப் போய் வைஃபை டிரைவரை இறக்கி, ஸிப்பைப் பிரித்து, ஃபோல்டராகப் பென் டிரைவில் போடுங்கள். புதிய விண்டோஸ் 11 பதிப்புகளில் இதே நெட்வொர்க் பக்கத்தில் டிரைவர் நிறுவும் பட்டன் இருக்கும். அதை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். உள்ளே ".ஐஎன்எஃப்" என்று முடியும் கோப்பு இருக்கிறதா பாருங்கள். வெறும் செட்டப் கோப்பு மட்டும் இருந்தால் இந்தப் பட்டன் அதை ஏற்காது.

இணையம் இல்லாமல் இந்தப் பக்கத்தைத் தாண்ட கட்டளை ஒன்றைத் தட்டச் சொல்லும் பழைய குறிப்புகளை நம்பி நேரத்தைக் கரைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் அந்தக் குறுக்குவழிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வருகிறது. டெதரிங் இரண்டு நிமிட வேலை.

அறிகுறி: டெஸ்க்டாப் வந்துவிட்டது, வைஃபை பட்டனே காணோம்

விண்டோஸ் கீயையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். அங்கே என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்து வழி மூன்றாகப் பிரியும்.

*மஞ்சள் முக்கோணத்தோடு "நெட்வொர்க் கன்ட்ரோலர்" என்று இருந்தால்*

நல்ல செய்தி. கார்டு உயிரோடு இருக்கிறது, டிரைவர்தான் இல்லை. அதை இரட்டைக் கிளிக் செய்தால் கோட் 28 என்று காட்டும்.

இப்போது எந்தச் சிப் என்று கண்டுபிடிக்க வேண்டும். போர்டின் டவுன்லோடு பக்கத்தில் வைஃபை என்று மூன்று நான்கு டிரைவர் வரிசையாக இருக்கும்: இன்டெல், மீடியாடெக், ரியல்டெக், குவால்காம். காரணம், ஒரே மாடலின் வெவ்வேறு பதிப்புகளில் வெவ்வேறு சிப் வைத்து அனுப்புகிறார்கள். ஊகித்து ஒவ்வொன்றாக நிறுவ வேண்டாம். ப்ராப்பர்டீஸில் "டீட்டெய்ல்ஸ்" டேபுக்குப் போய், மேலே உள்ள பட்டியலில் "ஹார்ட்வேர் ஐடீஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமான ஒரு வரி வரும். அதில் "வென்" என்ற எழுத்துகளுக்குப் பிறகு வரும் நான்கு எழுத்துகள்தான் நிறுவனத்தின் அடையாளம்:

8086 என்றால் இன்டெல்.
14சி3 என்றால் மீடியாடெக். ஏஎம்டி பெயரில் ஆர்ஸெட்608, ஆர்ஸெட்616 என்று வருவதும் இதுதான்.
10இசி என்றால் ரியல்டெக்.
17சிபி அல்லது 168சி என்றால் குவால்காம்.

அதே வரியில் "டெவ்" என்பதற்குப் பிறகு வருவது மாடல். 8086-க்குப் பின் 2725 வந்தால் ஏஎக்ஸ்210, 2723 வந்தால் ஏஎக்ஸ்200. 14சி3-க்குப் பின் 0616 வந்தால் ஆர்ஸெட்616. இப்படிப் பார்த்துவிட்டால் டவுன்லோடு பக்கத்தில் எதைத் தொட வேண்டும் என்பதில் குழப்பமே இருக்காது. ரியல்டெக்கில் மட்டும் லேன் சிப்புக்கும் அதே 10இசி வரும் என்பதால், லேன் டிரைவர் ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டிரைவரை எடுக்கும் இடம்: முதலில் போர்டு நிறுவனத்தின் தளம். பெட்டியிலும் போர்டிலும் அச்சிட்டுள்ள "ரெவ்" எண்ணையும் அங்கே சரியாகத் தேர்ந்தெடுங்கள், 1.0-க்கும் 1.2-க்கும் சிப்பே மாறியிருக்கலாம். இன்டெல் சிப் என்றால் இன்டெலின் தளத்திலேயே நேரடியாகக் கிடைக்கும். போன் டெதரிங் ஓடிக்கொண்டிருந்தால் அதைவிடச் சுலபம்: செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ், டிரைவர் அப்டேட்ஸ் என்று போனால் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். மொபைல் டேட்டாவில் டெதரிங் என்றால் அந்த இணைப்பை "மீட்டர்டு" என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் டேட்டாவை விழுங்கிவிடும். "எல்லா டிரைவரையும் தானே கண்டுபிடித்துத் தரும்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம்.

விண்டோஸ் 10 போட்டவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வைஃபை 7 சிப்கள் சிலவற்றுக்கு விண்டோஸ் 10 டிரைவரே வெளியிடவில்லை. அங்கே எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், புதுக் கணினிக்கு அதைப் பிடித்துத் தொங்குவதில் பொருள் இல்லை.

*வைஃபை தொடர்பாக எதுவுமே இல்லை என்றால்*

மேலே "வியூ" மெனுவில் மறைந்திருக்கும் கருவிகளைக் காட்டும் வசதியை ஆன் செய்து ஒருமுறை பார்த்துவிட்டு, கணினியை ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன் வரும் போர்டின் அமைப்புப் பக்கம்) போங்கள். பெரும்பாலான போர்டுகளில் டிலீட் அல்லது எஃப்2. "ஆன்போர்டு டிவைஸஸ்" போன்ற பகுதியில் வைஃபை, புளூடூத் என்ற வரிகள் இருக்கும். "டிஸேபிள்டு" என்று இருந்தால் மாற்றுங்கள்.

பயாஸில் ஆன் ஆகியிருந்தும் வரவில்லையென்றால் கரன்ட் வடிக்கும் வேலையைச் செய்து பாருங்கள். முறை அடுத்த அறிகுறியில் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் பயாஸை அப்டேட் செய்யுங்கள்.

பிசிஐஇ கார்டு போட்டவர்கள் முதலில் கார்டைக் கழற்றி மறுபடி சொருகுங்கள். பின்பக்கத் தகடு கேபினெட்டில் இடித்து, கார்டு ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கும். பிறகு போர்டின் கையேட்டைத் திறங்கள். பல போர்டுகளில் இரண்டாவது எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி போட்டால் கீழே உள்ள ஒரு பிசிஐஇ ஸ்லாட் அணைந்துவிடும். அந்த ஸ்லாட்டில் கார்டை எத்தனை முறை அழுத்தினாலும் அது தெரியாது. வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் உடனே வரும்.

யுஎஸ்பி டாங்கிள் சொருகியதும் புதிதாக ஒரு சிடி டிரைவ் போலத் தெரிகிறதா? சில டாங்கிள்கள் தங்கள் டிரைவரை உள்ளேயே வைத்துக்கொண்டு அப்படித்தான் முகம் காட்டும். அந்த டிரைவைத் திறந்து செட்டப்பை ஓட்டுங்கள், பிறகுதான் வைஃபையாக மாறும்.

*பெயர் சரியாக இருக்கிறது, முக்கோணமும் இல்லை, பட்டன் மட்டும் இல்லை என்றால்*

ஏரோப்ளேன் மோடு ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் பெயருக்கு மேல் கீழ்நோக்கிய சின்ன அம்புக்குறி இருந்தால் வலது கிளிக் செய்து "எனேபிள்" கொடுங்கள். இரண்டும் இல்லையென்றால் "சர்வீசஸ்" திறந்து "டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்" என்பதைத் தேடுங்கள். அது ஓடவில்லையென்றால் வைஃபை பட்டனே வராது. ஸ்டார்ட்டப் வகையை "ஆட்டோமேட்டிக்" ஆக்கி ஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸை "இலகுவாக்கும்" ஸ்கிரிப்டுகளை ஓட்டியவர்களிடம் இந்தக் கோளாறு அடிக்கடி கிடைக்கும்.

அறிகுறி: நேற்று வரை வந்தது, இன்று கோட் 10

"இந்தக் கருவியைத் தொடங்க முடியவில்லை" என்று சொல்லும். மீடியாடெக் சிப் உள்ள போர்டுகளில் இது பழகிப்போன ஒன்று. டிரைவரை நான்கு தடவை மாற்றியும் போகாதது, கரன்டை முழுதாக வடித்தால் போய்விடும்.

கணினியை ஷட்டவுன் செய்தாலும் பவர் சப்ளை போர்டுக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். சிக்கிக்கொண்ட வைஃபை சிப் அதில் அப்படியே சிக்கியபடியே கிடக்கும். அதனால்:

1. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். அப்போதுதான் அது அரைத்தூக்கம் போடாமல் முழுதாக அணையும்.
2. பவர் சப்ளையின் பின்னால் உள்ள ஸ்விட்சை அணைத்து, கேபிளையும் உருவுங்கள்.
3. கேபினெட்டின் பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் எரிந்துகொண்டிருக்கும் சின்ன விளக்கு ஏதாவது இருந்தால் அது அணைய வேண்டும்.
4. ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி இணைத்து ஆன் செய்யுங்கள்.

திரும்பத் திரும்ப வந்தால் கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்" அணையுங்கள். டிவைஸ் மேனேஜரில் கார்டை அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவரையும் நீக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டு, புதிய டிரைவரை நிறுவுங்கள். பிறகு பயாஸ் அப்டேட். மூன்றுக்குப் பிறகும் வாரம் ஒருமுறை வந்தால் அது கார்டு பழுது, வாரன்டிக்கு அனுப்ப வேண்டியதுதான்.

அறிகுறி: வைஃபை தெரிகிறது, ஆனால் ஒரு கோடுதான், பக்கத்து அறைக்குப் போனால் காணாமல் போகிறது

ஆன்டெனா. வேறு எதையும் யோசிக்கும் முன் ஆன்டெனா. அது இல்லாமலும் ரவுட்டருக்கு அருகில் சிக்னல் கொஞ்சம் கிடைக்கும், அதனால்தான் பலர் "வைஃபை வேலை செய்கிறது, வேகம்தான் இல்லை" என்று டிரைவரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

இரண்டு குழலிலும் மாட்டியிருக்க வேண்டும். கையால் இறுக்கினால் போதும், கொறடு வேண்டாம். இறுக்கும்போது குழலே சேர்ந்து சுற்றினால் உடனே நிறுத்துங்கள். உள்ளே உள்ள மெல்லிய கேபிள் முறுக்கிக்கொண்டு கார்டிலிருந்து கழன்றுவிடும். குழலின் அடியில் உள்ள நட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்.

வேறொரு கருவியின் ஆன்டெனாவை எடுத்து மாட்டினீர்களா? நடுவில் பாருங்கள். கணினி வைஃபையில் குழலின் நடுவில் ஊசி இருக்கும், ஆன்டெனாவின் நடுவில் துளை இருக்கும். மரை ஒன்றுபோலவே இருக்கும் இன்னொரு வகை உண்டு, அதில் ஆன்டெனாவில்தான் ஊசி. அதை இதில் திருகினால் ஊசியோடு ஊசி முட்டி வளையும். இரண்டு பக்கமும் துளையாக இருந்தால் ஒன்றையொன்று தொடவே தொடாது. இரண்டிலும் வெளியில் பார்க்க எல்லாம் கச்சிதமாக மாட்டியதுபோலத்தான் இருக்கும்.

அடுத்து, வைக்கும் இடம். கேபினெட் இரும்புப் பெட்டி. ஆன்டெனா அதன் பின்னால், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில், மேசைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். கேபிளோடு வரும் காந்த அடி ஆன்டெனாவாக இருந்தால் மேசை மேல் தூக்கி வையுங்கள். நேரடியாகத் திருகும் குச்சி ஆன்டெனா என்றால் நீட்டிப்புக் கேபிள் வாங்கலாம்.

யுஎஸ்பி டாங்கிளுக்குத் தனிக் குறிப்பு: யுஎஸ்பி 3 போர்ட்டும் அதில் மாட்டிய ஹார்டு டிஸ்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். டாங்கிளை அந்தப் போர்ட்டிலிருந்து ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் வெளியே இழுத்து வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள்.

எம்.2 கார்டை நீங்களே மாட்டியிருந்தால் கடைசியாகக் கேபினெட்டைத் திறந்து கார்டின் மேல் உள்ள இரண்டு பொட்டு கனெக்டர்களைப் பாருங்கள். அரிசி அகலம்கூட இருக்காது. நேர் மேலே வைத்து விரல் நுனியால் அழுத்தினால் "க்ளிக்" என்று உட்கார வேண்டும். சாய்த்து அழுத்தினால் நசுங்கும். அடிக்கடி கழற்றி மாட்டினால் பிடிப்பு தளர்ந்துவிடும்.

அறிகுறி: அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் தெரிகிறது, நம்முடையது மட்டும் இல்லை

கார்டு நன்றாக இருக்கிறது. ரவுட்டர் பக்கம் போங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் 12 அல்லது 13-ஆம் சேனலில் ஓடினால் சில கார்டுகள் அதைப் பார்க்காது. 1, 6, 11-இல் ஒன்றை வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 52-இலிருந்து 144 வரையிலான சேனல்கள் ரேடாரோடு பங்கிட்டுக்கொள்பவை, அவற்றில் கார்டுகள் தயங்கும். 36-இலிருந்து 48-க்குள் வைத்தால் பிரச்சினை தீரும். ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆன உடனே பார்த்தால் அந்த ரேடார் சேனல்களில் குறைந்தது ஒரு நிமிடம் எதுவும் தெரியாது, அது இயல்பு.

6 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரியவில்லையென்றால்: விண்டோஸ் 11 வேண்டும், வைஃபை 6இ அல்லது 7 கார்டு வேண்டும், ரவுட்டரில் டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறை வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் தெரியாது.

பழைய கணினியிலிருந்து கழற்றிய இன்டெல் கார்டைப் போட்டிருந்தால் டிரைவரைப் புதுப்பியுங்கள். பழைய டிரைவர் உள்ள சில இன்டெல் கார்டுகளின் கண்ணுக்கு வைஃபை 6 ரவுட்டர் தெரியவே தெரியாது.

அறிகுறி: பாஸ்வேர்டை ஏற்க மாட்டேன் என்கிறது

போனில் வேலை செய்யும் அதே பாஸ்வேர்ட்தானே? கண் பட்டனை அழுத்தி, தட்டியதைப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். விண்டோஸ் நிறுவும்போது கீபோர்டு அமைப்பை பிரிட்டன் வகையாகத் தேர்ந்தெடுத்திருந்தால் "@" குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறியிருக்கும். பாஸ்வேர்டில் "@" உள்ளவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

சரியாகத் தட்டியும் ஏற்கவில்லையென்றால் அந்த நெட்வொர்க்கை "ஃபர்கெட்" செய்து மறுபடி இணையுங்கள். ரவுட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் இருந்தால் தற்காலிகமாக டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்-க்கு மாற்றிப் பாருங்கள். அதில் இணைந்தால் கார்டின் டிரைவர் பழையது. ரவுட்டரில் மேக் ஃபில்டர் (பட்டியலில் உள்ள கருவிகளை மட்டும் அனுமதிக்கும் வசதி) போட்டிருந்தால் புதுக் கணினியின் முகவரி அதில் இருக்காது. சேர்க்கும்போது விண்டோஸில் "ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்" அணைந்திருக்க வேண்டும்.

அறிகுறி: இணைந்துவிட்டது, ஆனால் "இன்டர்நெட் இல்லை"

அதே வைஃபையில் போனில் இணையம் வருகிறதா? வரவில்லையென்றால் கணினியை விட்டுவிட்டு இணையச் சேவை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

வருகிறது என்றால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். புதுப் போர்டில் கடிகாரம் பழைய தேதியில் நிற்கலாம். தேதி தப்பென்றால் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் செல்லாது என்று பிரவுசர் ஒவ்வொரு தளத்தையும் தடுக்கும். இணையம் இல்லாததுபோலவே இருக்கும். தேதியைத் திருத்துங்கள். பிளக்கை உருவி மாட்டும்போதெல்லாம் தேதி பின்னால் ஓடினால் போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள்.

பிறகு செட்டிங்ஸில் வைஃபையின் ப்ராப்பர்டீஸில் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை. ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்து மறுபடி இணையுங்கள். பழைய கணினியின் எஸ்எஸ்டியை அப்படியே மாட்டியிருந்தால் அதில் கையால் போட்ட ஐபி ஒட்டிக்கொண்டிருக்கலாம், "ஆட்டோமேட்டிக்" ஆக்குங்கள். ஐபி ஒழுங்காக இருந்தால் கமாண்ட் ப்ராம்ப்டில் 8.8.8.8-ஐ பிங் செய்யுங்கள். பதில் வந்தும் தளங்கள் திறக்கவில்லையென்றால் டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) கோளாறு, அதன் முகவரியாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று போடுங்கள். பதிலே வராவிட்டால் விபிஎன், ஆன்டிவைரஸ் இரண்டையும் அணைத்துப் பாருங்கள். கடைசியில் "நெட்வொர்க் ரீசெட்". அது சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளையும் விபிஎன் இணைப்புகளையும் துடைத்துவிடும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, வேகம் மட்டும் இல்லை

வேகம் சோதிக்கும் தளத்துக்கு ஓடுவதற்கு முன் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். கணினியை ரவுட்டர் இருக்கும் அறைக்குக் கொண்டுபோய், செட்டிங்ஸில் வைஃபையின் ஹார்ட்வேர் ப்ராப்பர்டீஸைத் திறந்தால் "லிங்க் ஸ்பீடு" என்று இருக்கும். இரண்டு ஆன்டெனா உள்ள கார்டு, 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் உள்ள 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு என்றால் எண்கள் இப்படி வர வேண்டும்: வைஃபை 6-இல் 1201, வைஃபை 5-இல் 866.

பக்கத்திலேயே வைத்தும் 600 அல்லது 433-ஐத் தாண்டவில்லையா? சரியாகப் பாதி. ஓர் ஆன்டெனா தொடர்பில் இல்லை. மேலே சொன்ன கனெக்டரையும் ஊசியையும் மறுபடி பாருங்கள். அல்லது ரவுட்டரிலேயே ஓர் ஆன்டெனாதான். இன்னொரு கருவியை இணைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

144 அல்லது 72 என்று வந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிரைவரின் "அட்வான்ஸ்டு" டேபில் விருப்ப அலைவரிசையை 5 கிகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள், அல்லது ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். 54-ஐத் தாண்டாமல் நின்றால் ரவுட்டரில் பழைய டபிள்யூஇபி அல்லது டிகேஐபி பாதுகாப்பு இருக்கிறது. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்-க்கு மாற்றுங்கள்.

அறிகுறி: தூங்கி எழுந்தால் வைஃபை போய்விடுகிறது

டிவைஸ் மேனேஜரில் கார்டின் "பவர் மேனேஜ்மென்ட்" டேப் இருந்தால், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற வரியின் டிக்கை எடுங்கள். பவர் திட்டத்தில் பிசிஐஇ லிங்க் ஸ்டேட் மிச்சத்தையும் அணையுங்கள். பிறகும் போனால் டிரைவரை ஒரு பதிப்பு முன்னதாக மாற்றிப் பாருங்கள். எப்போதும் புதியதே நல்லது என்பது வைஃபை டிரைவரில் செல்லாது.

அறிகுறி: வைஃபை வருகிறது, புளூடூத் இல்லை

பிசிஐஇ கார்டு என்றால் அநேகமாக ஒரு கேபிள் விட்டுப்போயிருக்கிறது. கார்டில் வைஃபை பிசிஐஇ வழியாகவும், புளூடூத் யுஎஸ்பி வழியாகவும் போகும். கார்டோடு வந்த மெல்லிய கேபிளைப் போர்டின் 9 ஊசி யுஎஸ்பி 2.0 ஹெடரில் மாட்டுங்கள். போர்டோடு வந்த வைஃபை என்றால் கேபிள் தேவையில்லை, புளூடூத் டிரைவரைத் தனியாக இறக்கி நிறுவ வேண்டும். இரண்டும் வெவ்வேறு டிரைவர்கள்.

லினக்ஸ் போட்டவர்களுக்கு

கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிப்பைப் பாருங்கள். ஏஎக்ஸ்210-க்கு 5.10, மீடியாடெக் எம்டி7921-க்கு 5.12, ரியல்டெக் 8852பிஇ-க்கு 6.2, மீடியாடெக் எம்டி7925-க்கு 6.7 அல்லது அதற்கு மேல் வேண்டும். கெர்னல் புதிதாக இருந்தும் வரவில்லையென்றால் ஃபர்ம்வேர் பேக்கேஜ் பழையது, டெதரிங்கில் அப்டேட் செய்யுங்கள். தனியாகத் தொகுத்த டிரைவர் ஏறாமல் நின்றால் பயாஸில் உள்ள செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி தடுக்கிறது.

எந்த இடத்தில் கைவிட்டு ஆளைக் கூப்பிடுவது

அதற்கு முன் ஒரே ஒரு சோதனை. உபுண்டுவின் சமீபத்திய பதிப்பைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அப்படியே ஓட்டிப் பாருங்கள். அதில் வைஃபை வந்தால் கருவி நன்றாக இருக்கிறது, கோளாறு விண்டோஸில்தான். கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அதிலும் வராமல், பயாஸ் புதுப்பித்து, கரன்ட் வடித்து, ஆன்டெனாவும் சரிபார்த்தாகிவிட்டது என்றால் மென்பொருளில் இனி தேட ஒன்றும் இல்லை.

போர்டோடு வந்த கார்டு பல மாடல்களில் பின்பக்கத் தகட்டின் மறைப்புக்குள், ஓர் உலோகக் கூட்டில் நிற்கும். அதை எடுக்கப் போர்டையே கேபினெட்டிலிருந்து கழற்ற வேண்டியிருக்கும். வாரன்டி இருக்கும்போது அதில் கை வைக்காதீர்கள். வாங்கிய இடத்தில் திருப்பித் தரும் காலக்கெடு முடியவில்லையென்றால் போர்டை மாற்றிக் கேளுங்கள். முடிந்துவிட்டால் நிறுவனத்தின் வாரன்டிக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது ஹார்ட்வேர் ஐடி, கோட் எண், உபுண்டு சோதனையின் முடிவு மூன்றையும் எழுதிக் கொடுத்தால் "டிரைவர் போட்டுப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள். போர்டு போய் வரும் வரை கணினி இல்லாமல் இருக்க முடியாது என்பவர்கள் பயாஸில் உள் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு பிசிஐஇ கார்டைப் போட்டுக்கொள்ளலாம்.

கனெக்டர் பிய்ந்து போர்டிலிருந்தோ கார்டிலிருந்தோ கையோடு வந்துவிட்டால் வீட்டில் சால்டரிங் முயல வேண்டாம். கார்டு என்றால் புதுக் கார்டு வாங்குவதே மலிவு. போர்டு என்றால் சிப் அளவில் வேலை செய்யும் பழுதுநீக்குநரிடம் மட்டும் கொடுங்கள்.